சிம்கோ ஏரியிலை என்ரை ட்ராக் மெசின்: ஓடேக்கை ஒரு குறையும் இல்லை, நிப்பாட்டினால்தான் கரைச்சல்

போன கிழமை ஒரு தம்பி கேட்டிருந்தார், "அண்ணை, கடையிலை ட்ராக் வைச்ச இழுவை மெசினை சீசன் முடியுதெண்டு விலை குறைச்சுப் போட்டிருக்கிறாங்கள், அதை வாங்கவோ, இல்லாட்டி உங்கடை மாதிரி ஒண்டு செய்யவோ?" எண்டு. கனடாவிலை சிம்கோ ஏரி உறைஞ்சாப்பிறகு அதுக்கு மேலாலை மீன் பிடிக்கப் போகேக்கை, சாமானையும் ஆளையும் ஸ்லெட்டிலை (சறுக்குவண்டி) வைச்சு இழுக்கிற மெசின் இது, சில்லுக்குப் பதிலா என்ஜினாலை சுத்துற அகலமான ரப்பர் பட்டியிலை ஓடும், அதுதான் ட்ராக். ரெண்டு வரியிலை பதில் சொல்லுவம் எண்டு தொடங்கினன், ஏலேல்லை. நான் இப்பதான் அந்த மெசின்ரை சில்லுப் பேரிங் முழுக்கக் கழட்டி மாத்தி முடிச்சனான், கையிலை கிரீஸ் மணம் இன்னும் போகேல்லை, அதாலை மனசிலை இருக்கிறதை அப்பிடியே எழுதுறன், கொஞ்சம் சூடா இருந்தால் அதுதான் காரணம்.

மெசின் எப்பிடி எண்டு முந்தியே படத்தோடை போட்டனான், அதாலை கெதியாச் சொல்லிப்போட்டுப் போறன். பழைய ஸ்னோமொபைல் (ஸ்னோவிலை ஓடுற வண்டி) ட்ராக், 15 இஞ்ச் அகலம், 121 இஞ்ச் சுற்றளவு, 2.52 இஞ்ச் பிட்ச் (பல்லுக்குப் பல்லு இடைவெளி). அதைச் சுத்துறது 8 பல்லு ஸ்ப்ரொக்கெற் (பல்லுச் சில்லு). ஸ்னோ ப்ளோவர் (ஸ்னோவை அள்ளி எறியிற மெசின்) என்ஜின் ஒண்டு, அதிலை 30 சீரிஸ் ரோர்க் கொன்வேர்ட்டர் (பெல்ற்றாலை தானா கியர் மாத்திற சாமான்), அங்கையிருந்து செயின் ரெண்டு கட்டமா, 12 பல்லிலையிருந்து 30க்கு, திருப்பியும் 12இலையிருந்து 30க்கு, மொத்தம் 6.25 மடங்கு குறையுது. கொன்வேர்ட்டர் ஒண்டுக்கு ஒண்டா நிக்கேக்கை என்ஜின் 3600 சுத்தினால் அச்சு 576 சுத்து, ஒரு சுத்துக்கு ட்ராக் 51 சென்ரிமீற்றர் நகரும், கணக்குக்கு மணிக்கு 17, 18 கிலோமீற்றர் வரும். மேலை இருந்து ஓடுற சாமான் இல்லை இது, பின்னுக்குக் கொழுவின ஸ்லெட்டிலை நான் இருந்துகொண்டு நீளமான ஹான்டிலைப் பிடிச்சுத் திருப்புறது. ரஷ்யாவிலை வீட்டுக்கு வீடு செய்யிற மோட்டார் நாய் (இதே மாதிரி இழுவை மெசினுக்கு அங்கை அந்தப் பேர்) வீடியோக்களைப் பார்த்தாக்களுக்கு உடனே விளங்கும், அவங்கள் புரான் ஸ்னோமொபைலின்ரை ட்ராக்கை வைச்சுச் செய்யிறாங்கள், எனக்கு இஞ்சை ஒன்ராறியோவிலை கிடைச்சது இது. பாரம் 110 கிலோவுக்குக் கிட்ட.

முதல்லை நல்லதைச் சொல்லவேணும், அதுதான் நியாயம். இந்த மெசின் எனக்குத் தந்த பெரிய விசயம் வேகம் இல்லை, வியர்க்காமல் போய்ச் சேருறது. இனிஸ்ஃபில் எண்ட ஊர்ப் பக்கக் கரையிலையிருந்து வைற்ஃபிஷ் மீன் நிக்கிற 60, 80 அடி ஆழத்துக்குப் போறதெண்டால் சில கிலோமீற்றர் இழுக்கவேணும், ஸ்லெட்டிலை கூடாரம், ஐசிலை ஓட்டை போடுற ஓகர், ஹீற்றர், மீன் நிக்கிறதைக் காட்டுற ஃபிஷ் ஃபைன்டர், தங்கூசி சுத்தின தூண்டிலுகள், சாப்பாடு எல்லாம் இருக்கும், ஸ்னோ கணுக்காலுக்கு மேலை நிண்டால் மைனஸ் 15இலையும் உள்ளுடுப்பு முழுக்க நனைஞ்சுபோகும். நனைஞ்ச உடுப்போடை வாளியிலை குந்தினால் அரை மணித்தியாலத்திலை முதுகு விறைக்கத் தொடங்கும், பிறகு ஹீற்றரை எவ்வளவு கூட்டினாலும் சரிவராது, மீன் கடிக்கத் தொடங்கிற நேரம் பார்த்து வீட்டை போற யோசனைதான் வரும். மெசின் வந்தாப்பிறகு அந்தக் கதையே இல்லை. காய்ஞ்ச உடுப்போடை போய் இறங்கி, காய்ஞ்ச உடுப்போடை பின்னேரம் வரைக்கும் இருக்கலாம். நான் செய்யேக்கை இதை யோசிக்கவே இல்லை, சாமான் இழுக்க ஒரு சாமான் எண்டுதான் நினைச்சனான். ஆனால் அம்பது வயது தாண்டின ஆளுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறை இல்லை. என்ரை மாமா 70 கடந்தவர், முந்தி என்னோடை வாறதை நிப்பாட்டினவர், இப்ப ஸ்லெட்டிலை எனக்குப் பின்னாலை இருந்து வாறார். அதுக்காகவே நான் இந்த மெசினுக்கு நன்றி சொல்லவேணும், சொல்லுறன்.

ரெண்டாவது நல்ல விசயம் சியன்னா வானுக்குள்ளை போகும். கடைசி ரெண்டு சீற்றையும் மடக்கிப்போட்டு, ஹான்டிலை ஒரு பின் கழட்டி மடக்கினால், பலகை ரெண்டு வைச்சு ஏத்தலாம். ட்ரெய்லர் தேவையில்லை. ஸ்னோமொபைல் எண்டால் ட்ரெய்லர், பதிவு, இன்சூரன்ஸ், அதை வைக்கிறதுக்கு இடம், எல்லாம் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கவேணும். (வீட்டிலை செய்த மெசினுக்கு என்ன வேணும் எண்டதையும் வெல்டிங் தொடங்க முன்னம் வாகனம் பதியிற அரச கந்தோர் சேர்விஸ் ஒன்ராறியோவிலை கேட்டுத் தெளிவாக்குங்கோ, செய்து முடிச்சாப்பிறகு கேக்கிற கேள்வி இல்லை அது.)

மூண்டாவது, ஸ்னோவிலை தாழாது. ட்ராக் நிலத்திலை படுற நீளம் 115 சென்ரிமீற்றர், அகலம் 38, அப்ப 4370 சதுர சென்ரிமீற்றர். 110 கிலோவைப் பிரிச்சால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 25 கிராம். 80 கிலோ ஆள் ஒருத்தர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ரெண்டு காலிலையும் நிண்டால் 150 கிராமுக்கு மேலை வரும், நடக்கேக்கை ஒரு காலிலை அது ரெண்டு மடங்கு. அதாலைதான் நான் தொடையளவு தாழுற இடத்திலை மெசின் மேலாலை போகுது.

ஆனால் இதிலை கனபேர் குழம்புறதைப் பார்த்திருக்கிறன், அதாலை அழுத்திச் சொல்லவேணும். அந்த 25 கிராம் கணக்கு ஸ்னோவுக்குத்தான், ஐசுக்கு இல்லை. ஐஸ் உடையிறதும் உடையாததும் மொத்தப் பாரத்திலைதான், மெசின், ஸ்லெட், சாமான், ஆக்கள் எல்லாம் சேர்த்து. கனடாவின்ரை நஷனல் றிசேர்ச் கவுன்சிலிலை இருந்த கோல்ட் எண்டவர் 1971லை போட்ட சூத்திரம் இப்பவும் ஐஸ் றோட்டுக்குப் பாவிக்கிறாங்கள்: தடிப்பை சென்ரிமீற்றரிலை வர்க்கமாக்கி 3.5ஆலை பெருக்கினால் தாங்கக்கூடிய கிலோ. என்ரை மொத்தம் 255 கிலோ எண்டு வைச்சால் 8.5 சென்ரிமீற்றர் காணும் எண்டு வரும். அதை நம்பி இறங்காதையுங்கோ. அது வெடிப்பில்லாத, ஒரே தடிப்பான, தெளிஞ்ச ஐசுக்கு. ஸ்னோ நனைஞ்சு உறைஞ்ச வெள்ளை ஐஸ் அரைவாசிப் பலம்தான். சிம்கோவிலை பிறெஷர் க்ராக் (ஐஸ் நெருக்குப்பட்டு வெடிக்கிறது) வாறது ஊருக்கே தெரியும், நேற்று இல்லாத க்ராக் இண்டைக்கு இருக்கும். ரெட் குரொஸ் சொல்லுறது தனியா நடக்க 15 சென்ரிமீற்றர், ஸ்னோமொபைலுக்கு 25. நான் 25 இல்லாமல் மெசினை இறக்கிறதில்லை, அதுக்கு முதல் நடந்துதான். கில் சுவிட்ச் (இழுபட்டால் என்ஜினை நிப்பாட்டுற சுவிட்ச்) கயிறு என்ரை கையிலை கட்டாமல் என்ஜினை ஸ்ரார்ட் பண்ணுறதும் இல்லை, ஏனெண்டால் நான் பின்னாலை ஸ்லெட்டிலை, மெசின் முன்னாலை, நான் விழுந்தால் அது தன்ரை பாட்டிலை போகும்.

இனிக் கரைச்சலுக்கு வாறன். கரைச்சல் ஒண்டுதான், ஸ்லஷ், தண்ணி ஊறின ஸ்னோச் சகதி.

ஏரிக்கு மேலை ஸ்லஷ் எப்பிடி வருது எண்டு கனபேருக்குத் தெரியாது, உருகிறதாலை வருகுது எண்டு நினைப்பினம். மைனஸ் 20இலையும் வரும். ஐஸ் மிதக்கிற சாமான், 10 சென்ரிமீற்றர் தடிப்பு ஐசுக்கு ஒரு சதுர மீற்றரிலை 8 கிலோ வரைக்கும்தான் மேலதிகமா தாங்கிற மிதப்பு இருக்கு. புதுசா விழுந்த ஸ்னோ ஒரு சதுர மீற்றருக்கு 8 சென்ரிமீற்றர் உயரம் நிண்டாலே அந்த 8 கிலோ முடிஞ்சுது. அதுக்கு மேலை விழுந்தால் ஐஸ் தண்ணி மட்டத்துக்குக் கீழை அமத்துப்படும், வெடிப்புகளாலையும் ஆக்கள் போட்ட ஓட்டைகளாலையும் தண்ணி மேலை ஏறும், மேலை இருக்கிற ஸ்னோ கம்பளி மாதிரிப் போர்த்துக்கொண்டு அதை உறைய விடாது. வெளியாலை பார்த்தால் வெள்ளையா வடிவா இருக்கும், உள்ளுக்கை அரை அடி சாம்பல் நிறச் சகதி. ஜனவரியிலை ஐஸ் பிடிச்ச கையோடை பெரிய ஸ்னோ விழுந்தால் அந்தச் சீசன் முழுக்க அதுதான்.

அதுக்குள்ளாலை ஓடுறதிலை என்ரை மெசினுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, சத்தியமாச் சொல்லுறன். ஸ்னோமொபைல்காரர் ஸ்லஷிலை புதைஞ்சு நிண்டு இழுபடுறதைப் பார்த்திருக்கிறன், என்ரை மெசின் மெல்ல மெல்ல அரைச்சுக்கொண்டு போகும். நிப்பாட்டினால்தான் வில்லங்கம். ட்ராக்குக்கு உள்ளுக்கை, சில்லுகளுக்கு இடையிலை, மேல் தகரத்துக்கும் ட்ராக்குக்கும் நடுவிலை, எல்லா இடமும் ஸ்லஷ் நிறைஞ்சிருக்கும். ஓடுமட்டும் அது அசைஞ்சுகொண்டு இருக்கிறதாலை உறையாது. இறங்கி ஓட்டை போட்டு, ரெண்டு தூண்டில் போட்டு, பேர்ச் மீன் ஒரு பத்துப் பிடிச்சுப்போட்டு வந்து பார்த்தால் முழுக்க ஒரே கட்டி. சில்லு சுத்தாது. ட்ராக்குக்குக் கீழையும் ஐசோடை ஒட்டியிருக்கும். என்ஜின் ஒரு இழுவையிலை ஸ்ரார்ட் ஆகும், அதிலை குறையில்லை, த்ரொட்டிலைக் குடுத்தால் கொன்வேர்ட்டர் பிடிக்கும், அச்சு அசையாது, பெல்ற் நிண்ட இடத்திலை தேய்ஞ்சு புகைக்கும். ஒரு செக்கனிலை பெல்ற்றிலை தட்டை விழுந்துபோகும், பிறகு அது ஓடுற ஒவ்வொரு சுத்துக்கும் இடிச்சு இடிச்சுத்தான் ஓடும், மாத்தும் மட்டும்.

கொம்பனி ஸ்னோமொபைலுக்கும் இது வாறதுதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் அதிலை குதிரைவலு அம்பது அறுபது இருக்கு, கொஞ்சம் ஆட்டிப்போட்டு த்ரொட்டில் குடுத்தால் உடைச்சுக்கொண்டு வரும். என்னட்டை இருக்கிறது ஏழு. ஏழாலை அந்த ஐசை உடைக்க ஏலாது, கையாலைதான் உடைக்கவேணும். இருட்டுப்படுற நேரம், காத்து வடக்காலை அடிக்கேக்கை, முழங்காலிலை நிண்டு ரப்பர் சுத்தியலாலை ஒவ்வொரு சில்லா தட்டி ஐசை எடுக்கிறது எண்டால் எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. காய்ஞ்சு போய்ச் சேர்ந்ததிலை இருந்த சந்தோசம் முழுக்க அந்த அரை மணித்தியாலத்திலை போகும். காலமை வராத வியர்வை பின்னேரம் வரும்.

இதுக்கு நான் என்னென்ன செய்து பார்த்தன் எண்டதை எழுதுறன், செய்யப்போறாக்களுக்கு உதவும்.

முதல் நான் மெசினைச் செய்தது ஸ்னோமொபைல் மாதிரி மூடின ரனலோடை. மேலையும் ரெண்டு பக்கமும் அலுமினியத் தகரம், ட்ராக் அதுக்குள்ளை ஓடும். பார்க்க வடிவு, பாதுகாப்பும் கூட, ஆனால் ஸ்லஷ் உள்ளுக்கை போனால் வெளியாலை வர வழியில்லை, தகரத்திலை ஒட்டிப் படை படையா ஏறும், கடைசியிலை ட்ராக்கையே நெரிக்கும். உள்பக்கம் முழுக்க யூஎச்எம்டபிள்யூ ப்ளாஸ்ரிக் சீற் வைச்சு ரிவெற் அடிச்சன், கட்டிங் போர்ட் மாதிரி வெள்ளையா இருக்கிறது, அதிலை ஐஸ் ஒட்டினாலும் ஒரு தட்டிலை கழண்டு விழும். நல்ல முன்னேற்றம், அதை யாரும் செய்யலாம். ஆனால் தகரத்துக்குத்தான் அது, சில்லுகளுக்கு இடையிலை நிக்கிற கட்டிக்கு ஒண்டும் செய்யாது.

அடுத்த வின்ரருக்கு ரனலை முழுக்க வெட்டி எறிஞ்சுபோட்டு வெறும் ஃப்ரேம் ஆக்கினன், கீழையும் மேலையும் திறந்தது. ஐஸ் பிடிக்கிறது அரைவாசியாக் குறைஞ்சுது. சந்தோசப்பட்டன். ஆனால் ட்ராக் சுத்தி எறியிற ஸ்லஷ் முழுக்க இப்ப நேரை கொன்வேர்ட்டருக்கு மேலை. இந்த 30 சீரிஸ் பெல்ற் நனைஞ்சால் வழுக்கும், வழுக்கினால் சூடாகும், சூடானால் தேயும். நடு ஏரியிலை மெசின் நல்லா, ட்ராக் நல்லா, என்ஜின் கத்துது, ஆனால் நகராது. அப்ப விளங்கிச்சு, மூடினால் ஐஸ், திறந்தால் பெல்ற், ரெண்டுக்கும் நடுவிலைதான் வாழவேணும் எண்டு.

இப்ப இருக்கிறது அந்த நடு வழி. பக்கமும் பின்னும் திறந்தபடி, என்ஜினுக்கும் கொன்வேர்ட்டருக்கும் கீழை மட்டும் ஒரு ப்ளாஸ்ரிக் தட்டு, பெல்ற்றுக்குத் தனிப் பெட்டி, அதின்ரை அடியிலை தண்ணி வடிய ரெண்டு ஓட்டை. உள்ளுக்கை நிண்ட நடுச் சில்லுகளிலை நாலைக் கழட்டிப்போட்டன், சில்லு குறைஞ்சால் ஸ்லஷ் தங்கிற இடமும் குறையும். ட்ராக் கொஞ்சம் தொங்கும், இந்த வேகத்துக்கு அது காரியமில்லை. ஸ்னோமொபைலிலை இருக்கிற மாதிரி ஸ்லைட் ரெயில் (ட்ராக் சறுக்கி ஓடுற, ப்ளாஸ்ரிக் பட்டி வைச்ச சட்டம்) போடச் சொல்லிக் கனபேர் சொன்னவை, போடேல்லை, அந்த ப்ளாஸ்ரிக் ஓடுறதுக்கு ஸ்னோதான் ஈரம் குடுக்கவேணும், சிம்கோவிலை காத்து ஸ்னோவை அள்ளிக்கொண்டு போய் வெறும் கண்ணாடி ஐஸ் விட்ட நாளிலை அது சூடாகி உருகிப்போகும். சில்லு எண்டால் அந்தச் சோலி இல்லை.

அச்சிலை இருக்கிற ஸ்ப்ரொக்கெற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. கியூபெக்கிலை வால்கூர் எண்ட ஊரிலை இருந்த ஜோசஃப் ஆர்மண்ட் பொம்பார்டியர் 1937லை பேற்றன்ற் எடுத்ததே ரப்பர் போர்த்தின பல்லுச் சில்லுக்கும் அதோடை ஓடுற ட்ராக்குக்கும்தான், ஸ்கி டூ ஸ்னோமொபைல் வந்தது பிறகு 1959லை. முழு வண்டியின்ரை உயிரும் அந்தப் பல்லும் ட்ராக்கும் பொருந்திற இடத்திலைதான் இருக்கு எண்டதை அந்த மனிசன் அப்பவே கண்டுபிடிச்சிருக்கு. என்ரை மெசினிலையும் ஐஸ் முதல் போய் இருக்கிறது அந்தப் பல்லுக்கு நடுவிலைதான். பல்லு முழுசா உள்ளுக்கை போகாமல் ட்ராக் ஒரு பல்லு தாண்டிப் பாயும், அந்தச் சத்தம் கேட்டால் உடனை நிப்பாட்டிச் சுரண்டவேணும், இல்லாட்டி ட்ராக்கின்ரை உள் ரப்பர் பல்லுப் பிஞ்சுபோகும். ட்ராக்கின்ரை இறுக்கத்தைக் கூட்டினால் பாயாது எண்டு சொல்லுவினம், கூட்டினால் சில்லுப் பேரிங் போகும்.

பேரிங் எண்டதும் கோவம் வருது. 6205 எண்ட அளவு, ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் வைச்சது, ஒன்லைனிலை மலிவாப் பெட்டியோடை வித்தாங்கள், யார் எண்டு இஞ்சை சொல்லேல்லை. சீல் எண்டு ஒரு கறுப்பு வளையம் இருக்கு, நகத்தாலை தள்ளினால் ஆடுது. தண்ணி உள்ளுக்கை போய், உறைஞ்சு, சீலைத் தள்ளி, பிறகு வீட்டு கராஜிலை உருகி, துருப்பிடிச்சு, ஒரு சீசன் முடிய முதலே கரகரக்கத் தொடங்கிச்சு. இந்த முறை நல்ல கொம்பனிப் பேரிங் வாங்கி, சீலைக் கழட்டி, குளிருக்கு இறுகாத சிந்தெற்றிக் கிரீஸ் நிரப்பிப் பூட்டியிருக்கிறன். ஒரு பேரிங் மலிவுப் பெட்டி முழுக்கின்ரை விலைக்கு வந்தது. அதுதான் அதின்ரை உண்மையான விலை எண்டு இப்ப நினைக்கிறன்.

கரைச்சல் குறையிறதுக்குப் பாகங்களை விட நிப்பாட்டுற முறைதான் கூட உதவினது. இடத்துக்குப் போனதும் என்ஜினை நிப்பாட்டாமல், ஸ்லெட்டைக் கழட்டிப்போட்டு, மெசின்ரை பின்பக்கத்தை மரக்கட்டையிலை தூக்கி வைச்சு, பின்னாலை ஒருத்தரும் நிக்காமல் பார்த்துக்கொண்டு ட்ராக்கை நல்லாச் சுத்த விடுங்கோ, ஸ்லஷ் பறந்து போகும். பிறகு நிப்பாட்டி, ரப்பர் சுத்தியலாலை சில்லுகளை ஒருக்கா தட்டி, காய்ஞ்ச ஸ்னோவுக்கு மேலை, ரெண்டு பலகையிலை ஏத்தி விடுங்கோ. வெறும் ஐசிலை நேரை விட்டால் ஒட்டும். பிறகு மீன் பிடிக்கிற நேரத்திலை அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா போய் கையாலை முன்னும் பின்னும் ஆட்டி விடுங்கோ. சட்டப்படி போட்ட தூண்டிலுக்கு 60 மீற்றருக்குள்ளை நிக்கத்தான் வேணும், மெசின் அதுக்குள்ளைதானே நிக்கும், பெரிய வேலையில்லை. எண்டாலும் மீன் நல்லாக் கடிக்கேக்கை எழும்பிப் போகவேணும் எண்டது எனக்கு ஒவ்வொரு முறையும் எரிச்சல்தான்.

சுடுதண்ணி ஊத்தாதையுங்கோ, அஞ்சு நிமிசத்திலை இன்னும் மோசமா உறையும். வின்ட்ஷீல்ட் வொஷர் தண்ணி ஊத்துறதையும் உப்புப் போடுறதையும் பார்த்திருக்கிறன், தயவுசெய்து செய்யாதையுங்கோ, வொஷர் தண்ணி நஞ்சு, உப்பு இரும்பைத் தின்னும், அதோடை றோட்டுக்குப் போடுற உப்பாலை இந்த ஏரியிலை ஏற்கனவே குளோரைட் கூடிக்கொண்டு வருது, நாங்கள் மீன் சாப்பிடுற ஏரி இது.

என்ஜினைப் பற்றிக் கெதியாச் சொல்லிப்போடுறன், அதிலை எனக்குக் குறையில்லை. செய்யப்போறாக்கள் பம்ப், ஜெனரேற்றருக்கு வாற சாதாரண என்ஜினை எடுக்காமல் ஸ்னோ ப்ளோவர் என்ஜினை எடுங்கோ. அதிலை கார்பரேற்றரைச் சுத்தி ஒரு பெட்டி இருக்கும், சைலன்சர் சூட்டை எடுத்துக் கார்பரேற்றர் உறையாமல் பார்க்கும், எயார் ஃபில்ற்றர் இல்லை, ஸ்னோத்தூள் அடைக்கிறதுக்கும் ஒண்டுமில்லை. சாதாரண என்ஜினிலை என்ன நடக்கும் எண்டால், உள்ளுக்கை இருந்து வாற ஈரக்காத்து ப்ரீதர் குழாயிலை (என்ஜின் மூச்சு விடுற குழாய்) உறைஞ்சு அடைக்கும், அழுத்தம் போக வழியில்லாமல் க்ராங்க் சீலைத் தள்ளிக்கொண்டு எண்ணெய் முழுக்க வெளியாலை வரும், கொஞ்ச நேரத்திலை என்ஜின் முடிஞ்சுது. என்னோடை பேர்ச் பிடிக்க வாற ஒராளின்ரை மெசின் குக்ஸ் பேயிலை (ஏரியின்ரை தெற்குக் குடா) அப்பிடித்தான் போனது. எண்ணெய் 5டபிள்யூ-30 சிந்தெற்றிக் காணும். கொன்வேர்ட்டர் பெல்ற் மாத்தேக்கை தட்டையான பக்கம் என்ஜின் பக்கம் வரவேணும், அது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை, மாறிப் போட்டால் தேஞ்சுபோகும்.

றிவேர்ஸ் இல்லை. வேணும் எண்டும் தோணேல்லை, ஹான்டிலைப் பிடிச்சு அமத்தி முன்பக்கத்தைத் தூக்கித் திருப்பலாம், ஆனால் நடுவயது ஆளுக்கு அது முதுகுக்கு வேலை. பலவீனமான முதுகு எண்டால் இதை யோசிக்கவேணும்.

இப்ப அந்தத் தம்பியின்ரை கேள்விக்கு வாறன். செய்யவோ வாங்கவோ.

செலவைப் பார்த்தால் செய்யிறது மலிவு, வெல்டிங் தெரிஞ்சு பழைய ட்ராக் கிடைச்சால் கடை மெசின்ரை விலையிலை அரைவாசிக்குக் கீழை முடிக்கலாம், என்னதும் அப்பிடித்தான். பழுதானால் எந்த நட்டு எங்கை இருக்கு எண்டு தெரியும், கடைக்குக் கொண்டு போகத் தேவையில்லை, வேணும் எண்ட மாதிரி வெட்டலாம், மாத்தலாம். ஸ்னோவிலை தாழாது, வானுக்குள்ளை போகும், மாமா வாறார், நான் வியர்க்காமல் போறன். ஒண்டொண்டா எண்ணினால் எல்லாக் கணக்கும் செய்யிற பக்கம்தான் நிக்குது.

எண்டாலும் இண்டைக்கு என்னட்டைக் கேட்டால், செய்யாதையுங்கோ தம்பி, வாங்குங்கோ. நான் மீன் பிடிக்கப் போற ஆள், ஆனால் வின்ரரிலை பாதி நேரம் ட்ராக்குக்குள்ளை கையை விட்டு ஐஸ் எடுக்கிறன், மற்றப் பாதி கராஜிலை அதுக்கு என்ன செய்யலாம் எண்டு யோசிக்கிறன். சிம்கோவிலை லேக் ட்ரவுற் மீனுக்கும் வைற்ஃபிஷுக்கும் வின்ரரிலை மார்ச் 15 வரைக்கும்தான் காலம், கூடாரக் குடிசைகளும் அதே நாளோடை எடுக்கவேணும், இருக்கிறதே குறுகின காலம், அதிலை ஒரு சனிக்கிழமை பேரிங்குக்குப் போனால் அது திரும்பி வராது. உங்களுக்குச் சின்னப் பிள்ளைகள், கிழமைக்கு ஒரு நாள்தான் கிடைக்கும், அந்த நாளைச் சுத்தியலோடை கழிக்காதையுங்கோ. என்ரை மெசினை வித்துத் தருவியளோ எண்டும் கேட்டிருந்தியள், அது ஏலாது, வாற வின்ரருக்கு ட்ராக்குக்கும் மேல் தட்டுக்கும் இடைவெளியைக் கூட்ட இரும்பு வாங்கி வைச்சிருக்கிறன்.

கடை மெசினைப் பார்க்கப் போகேக்கை ஒண்டு மட்டும் செய்யுங்கோ. குதிரைவலு, லைற், ஹீற்றட் க்ரிப் எல்லாத்தையும் விற்பனைக்காரர் தானாச் சொல்லுவார். நீங்கள் குனிஞ்சு பின்பக்கத்தாலை ட்ராக்குக்கும் மேல் தகரத்துக்கும் நடுவிலை கையை விட்டுப் பாருங்கோ, வின்ரர் க்ளவ்ஸ் போட்ட கை. தாராளமாப் போய், சில்லுகளுக்கு இடையிலையும் விரல் எட்டிச்சுதெண்டால் வாங்குங்கோ. கை முட்டிச்சுதெண்டால் எவ்வளவு விலை குறைச்சாலும் விட்டிட்டு வாங்கோ.